புதிய கருவிக்குப் பொருளுதவி



வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று ஆய்வுக்கூடங்களில் பணிபுரிகின்றனர். புற்றுநோயைக் கண்டறியவோ அதன் தன்மையை ஆராயவோ புதிய கருவியொன்றைப் படைக்க வேண்டும் என்னும் ஆர்வம் அவர்களுள் சிலருக்கு உண்டு. ஆர்வம் ஆக்கமாவதற்குப் பொருள் வேண்டும். பொருளுக்கு விண்ணப்பம் வேண்டும். அவ்விண்ணப்பத்தைக் குறித்தே இன்று சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

நாம் விஞ்ஞானி அல்லோம். மைய அரசில் மொழிபெயர்ப்புப் பணி செய்பவர். டில்லியில் நம் அண்டை வீட்டுப் பெண் ஒருத்தி ஒருநாள் தன் விண்ணப்பத்தைக் கொணர்ந்து, "மாமா, நடையைச் சற்றுத் திருத்திக் கொடுங்கள்" என்றாள். வாயினுள் ஒளியைப் பாய்ச்சிப் புற்றின் தொடக்க அறிகுறியைக் காணும் சிறு கருவி அவளுடையது. நம் நாட்டு ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படுவது வாய்ப்புற்றே ஆதலின், அதன் பயனை விளக்க வேண்டுவதில்லை. புகையிலைக் கறை படிந்த வாயில் அக்கருவி பிழைபடுகிறது என்றும் அவள் ஒரு வாக்கியம் எழுதியிருந்தாள். உதவி கேட்கும் இடத்தில் குறையை உரைப்பதா என்று எண்ணி, நாம் அதனை நீக்கிவிட்டோம். விண்ணப்பம் மறுக்கப்பட்டுத் திரும்பியது. உடன் வந்த முதற்கேள்வி யாதெனில், புகையிலைக் கறையுள்ள வாயில் இக்கருவி எவ்வாறு செயற்படும் என்பதே.

நடையைத் திருத்தப் புகுந்து உண்மையைத் திருத்திவிட்டோம் என்பதை அன்று உணர்ந்தோம். பின்னர் இத்துறையின் விதிகளைப் பொறுமையுடன் படித்தோம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் புதிய ஆய்வுக் கருவிகளுக்கென்றே 1998-ஆம் ஆண்டில் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. எண்ணம் நடைமுறைக்கு ஒத்து வருமா எனப் பார்ப்பது அதன் முதற்படி. உருவான முறையைச் சோதித்து உறுதி செய்வது அடுத்த படி. 'சிறந்த பயன் விளையும்' என்பது போன்ற சொற்கள் அங்கே செல்லா. எத்தனை மாதிரிகளில் எத்தனை சரியாக அமைந்தால் வெற்றி என்று எண்ணால் உரைக்க வேண்டும். நம் நாட்டில் 2012-இல் அமைந்த பைராக் நிறுவனம் இளந்தொழில் முனைவோரின் புதிய எண்ணங்களுக்கு 50 இலட்சம் ரூபாய் வரை 18 மாத காலத்துக்கு வழங்கும் திட்டத்தை நடத்தி வந்துள்ளது. அக்காலத்துக்குள் எதனை மெய்ப்பிப்போம் என்பதைத் தெளிவுறுத்துவதே அங்கும் தலையாய பணி.

கருவி என்றவுடன் பெரும் இயந்திரத்தை எண்ண வேண்டுவதில்லை. மும்பையின் குடிசைப் பகுதிகளில் 1998 முதல் டாட்டா நினைவு மருத்துவமனையினர் நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற சாதாரணப் பெண்களே நீர்த்த அசெட்டிக் அமிலத்தைக் கொண்டு, அதாவது ஏறக்குறைய வினிகரைக் கொண்டு, கருப்பைவாய்ப் புற்றுக்கான சோதனையைச் செய்தனர். சுமார் ஒன்றரை இலட்சம் பெண்கள் பங்குற்ற இவ்வாய்வில் அந்நோயால் நேரும் மரணம் 31 சதவீதம் குறைந்தது என்று 2013-இல் அறிவிக்கப்பட்டது. இதற்குப் பொருளுதவி செய்ததும் அவ்வமெரிக்க நிறுவனமே. எனினும், ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்ட பெண்களுக்கு நலக்கல்வி மட்டுமே தந்து, சோதனை செய்யாது விட்டது முறையோ என்ற கண்டனமும் எழுந்தது. ஆதலின் அறநெறி பற்றிய பகுதியைப் படிவத்தின் சடங்காகக் கருதலாகாது. அங்கே எழுதப்படும் ஒவ்வொரு வரியும் ஓர் உயிரைத் தொடுவது.

விலையும் அத்தகையதே. நோயாளியின் இரத்தத்திலுள்ள டி அணுக்களை எடுத்து, புற்றணுவை அடையாளங் காணுமாறு ஆய்வுக்கூடத்தில் மாற்றி, மீண்டும் உடலிற் செலுத்தும் சிகிச்சையை மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மையமும் இணைந்து உருவாக்கின. 2023-இல் அனுமதி பெற்ற அச்சிகிச்சையின் விலை, வெளிநாட்டு விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு எனக் கூறப்பட்டது. யாருக்காக, என்ன விலையில் என்ற வினாவை முதல் நாளே கேட்டுக்கொள்வது எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இது சான்று.

அப்பெண் மீண்டும் விண்ணப்பித்திருக்கிறாள். நாம் நீக்கிய வாக்கியம் இம்முறை முதற்பக்கத்திலேயே இடம்பெற்றுள்ளது. கறை படிந்த வாயில் பிழையைக் குறைப்பதே முதல் ஆறு மாதத்து வேலை என்று அதன்கீழ் எழுதியிருக்கிறாள். விடை இன்னும் வரவில்லை. விடை எதுவாயினும், பிழையை மறைத்த கருவி ஒன்று நாளை ஓர் ஏழைத் தொழிலாளியிடம் 'உனக்கு நோய் இல்லை' என்று பொய்யுரைக்கும் இடர் நீங்கிற்று.

உங்கள் இல்லத்துப் பிள்ளையும் இத்தகைய தாளைக் கையில் ஏந்தி வந்தால், நடையழகை நாடுமுன் ஒன்றைக் கேளுங்கள்: "இக்கருவி எங்கே தவறுகிறது?" அதற்கு அஞ்சாது விடை சொல்லும் பிள்ளையின் விண்ணப்பம் பாதி எழுதி முடிந்தது எனலாம்.