திராட்சைப் பந்தலும் கைபேசிப் படமும்

 

கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு 2023-ஆம் ஆண்டில் கிட்டியது. அப்பெருமையை உலகறியச் செய்யவல்ல கைபேசி நம் வாலிபர் கையிலேயே உளது. ஆயினும் யான் கண்ட படங்களில் சுருளியருவியே மிகுதி, பந்தல் அரிது.

ஒரே தளத்தை நம்புதல் கூடாது. 2020 ஜூனில் டிக்டாக் தடையுற்றபோது, அதனையே நம்பினோர் ஈட்டிய கூட்டமனைத்தையும் இழந்தனர்.

கூலி பெற்றுப் பொருளைப் புகழ்வோர் அதனை வெளிப்படக் கூறவேண்டுமென்பது 2022-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதி. என் தங்கை மகன் ஒரு முகப்பூச்சை அங்ஙனம் மறைத்துப் புகழ்ந்தான். அவன் சொல்லை நம்பிப் பூசிய அத்தையின் முகம் வெந்தது. அவ்வம்மையார் இன்றும் அவனோடு பேசுவதில்லை.

அடுத்த அறுவடைக்குள் தத்தம் தோட்டத்தை உள்ளவாறு படமெடுத்துக் காட்டும் இரு பிள்ளைகளின் செலவை யான் ஏற்பேன். பெயர் கொடுப்போர் இன்றே கொடுக்கலாம்.