தாய்மை தவணை அறியாது



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கருவுற்ற தாய்மாரைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். 1928-ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டமன்றத்தில், ஆலைத் தொழிலாளப் பெண்களுக்கான பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியவர் அண்ணல் அம்பேத்கர். அவர் வழிவந்த நமக்கு இப்பொருள் புறம்பானதன்று.

தமிழ்நாட்டில் 1987-இல் தொடங்கப்பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, 2006-இல் 6,000 ரூபாயாகவும், 2011-இல் 12,000 ரூபாயாகவும், 2018-இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களின் மதிப்பையும் சேர்த்து 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. தொகை வளர்ந்தமைக்கு மகிழ்கின்றோம். ஆயினும், அது உரிய நாளில் கைக்கு வருகின்றதா என்பதே நம் வினா. பன்னிரண்டு வாரங்களுக்குள் கிராமச் செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் பெறுதல் வேண்டும். ஆதார் அட்டையில் ஒரு பெயரும் வங்கிக் கணக்கில் வேறொரு பெயரும் இருப்பின் பணம் நின்றுவிடுகின்றது. செங்கற்சூளைக்குப் பிழைக்கச் சென்றவளுக்கும், தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு வந்தவளுக்கும் அலைச்சல் இருமடங்கு. இரத்தசோகை நீக்கும் உணவு, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே வேண்டும். பிள்ளை தொட்டிலுக்கு வந்தபின் வரும் தொகை கடனை அடைக்கவே உதவும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் எளியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டின் பெயர் மெடிக்கெய்டு. கருவுற்ற பெண் தன் வருமானத்தைக் கூறிய அளவிலேயே அவளைத் தற்காலிகமாக ஏற்றுப் பரிசோதனையைத் தொடங்க, 1986-ஆம் ஆண்டுச் சட்டம் அங்குள்ள மாநிலங்களுக்கு இடமளித்தது. முழுச் சரிபார்ப்பு பின்னர் நடைபெறும். முன்னர் மருத்துவம், பின்னர் ஆவணம் என்பதே அதன் நெறி. நம் அரசும் இந்நெறியை மேற்கொண்டு, முதல் தவணையைப் பதிவு செய்த நாளிலேயே வழங்கிட வேண்டுகின்றோம். மருத்துவ முகாம்கள் நம் குடியிருப்புகளிலேயே நடைபெறவும் வேண்டுகின்றோம்.

அதுவரை நாம் வாளாவிருத்தல் ஆகாது. படித்த இளைஞர்களே! மணமான மாதத்திலேயே பெண்ணின் ஆதார், வங்கிப் பெயர்களை ஒத்துப் பாருங்கள். பதிவுக்குத் துணை செல்லுங்கள். பதிவெண்ணைக் குறித்து வையுங்கள். தொகை வாராவிடின் வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் முறையிடுங்கள். நாம் கற்ற எழுத்து, முதலில் நம் தாய்மாரின் விண்ணப்பத்திற்குப் பயன்படுவதாகுக!