வட்டி முழுவதும் செலவுக்கு அல்ல
(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



ஓய்வுக்காலப் பணத் திட்டம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் நிதி ஆலோசகன் இல்லை. தனியார் கம்பெனி ஸ்டோர்ஸில் 34 வருடம் வேலை பார்த்தவன். நான் செய்த தவறைச் சொன்னால், இங்கே ஐம்பது வயதில் இருப்பவர்களுக்காவது உதவும் என்றுதான் மைக்கைப் பிடித்தேன்.

2013-ல் ஓய்வு பெற்றேன். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து 30 லட்சம் வந்தது. பாதியை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டேன். அப்போது வட்டி 9.2 சதவீதம். மீதியைப் போட்ட வங்கி டெபாசிட்டுக்கு 9 சதவீதம். மாதக் கணக்கில் 22,750 ரூபாய். சொந்த வீடு, இரண்டே பேர். அசலைத் தொடவில்லை என்ற பெருமையில், வந்த வட்டியை முழுவதும் செலவழித்தோம்.

ஐந்து வருடம், அதன்மேல் நீட்டிப்பு மூன்று வருடம் முடிந்து, 2021-ல் புதிதாகப் போடப் போனேன். அஞ்சலகத்தில் 7.4. வங்கியில் 6. மாத வரவு 16,750 ஆகிவிட்டது. ஆறாயிரம் ரூபாய் குறைவு! அதே எட்டு வருடத்தில் மளிகை, மருந்து, நம் பராமரிப்புக் கட்டணம் எல்லாம் ஏறியிருந்தன. அசல் அப்படியேதான் இருந்தது. அதன் பலம்தான் போய்விட்டது.

அந்தச் சமயத்தில் மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. கம்பெனி மருத்துவக் காப்பீடு ஓய்வு பெற்ற அன்றே முடிந்திருந்தது; சொந்தமாக எடுக்கவில்லை. மகன் பணம் அனுப்பினான், முகம் சுளிக்கவில்லை. ஆனாலும், கேட்கும் நிலைக்கு வந்தோமே என்று எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

இதில் நான் கற்றது நான்கு.

ஒன்று: விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் செலவு இரட்டிப்பாகும். அறுபதில் மாதம் 25,000 போதும் என்றால், எழுபத்திரண்டில் 50,000 வேண்டும். ஆகவே முதல் பத்து வருடம் வட்டியில் கால் பங்கையாவது மறுபடி சேமிப்பில் போடுங்கள்.

இரண்டு: எல்லாப் பணமும் ஒரே சமயத்தில் முதிர்வடையக் கூடாது. ஒரு வருடம், இரண்டு, மூன்று, ஐந்து என்று பிரித்துப் போடுங்கள். வட்டி விழும்போது மொத்தமும் மாட்டாது. வங்கிகளையும் பிரியுங்கள், ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு.

மூன்று: வேலையில் இருக்கும்போதே சொந்த மருத்துவக் காப்பீடு எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். அந்தக் காத்திருப்பு சம்பளம் வரும் காலத்திலேயே கழியட்டும்.

நான்கு: பிள்ளைகளுக்குக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் மாதச் செலவுக்கு உரிய அசலைப் பிரித்து வைத்துவிட்டு, மிச்சத்தில் கொடுங்கள். பிள்ளைக்கு வங்கி கடன் கொடுக்கும். எழுபது வயதில் நம் சாப்பாட்டுச் செலவுக்கு யாரும் கடன் தர மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. எந்தப் பாஸ்புக் எங்கே, எது எப்போது முதிர்வடையும், நாமினி யார் என்று ஒரு நோட்டில் எழுதி, வீட்டில் இருப்பவரிடம் காட்டுங்கள். இன்று இரவே எழுதலாம். என் வீட்டில் அந்த நோட்டு இப்போது பூஜை அலமாரியில் இருக்கிறது. மனைவிதான் கணக்குப் பார்க்கிறார், என்னைவிடச் சரியாக!

சந்தேகம் இருப்பவர்கள் மாலையில் பூங்கா பெஞ்சுக்கு வாருங்கள், சேர்ந்து கணக்குப் போடுவோம்.