இயன்முறை மருத்துவ உதவியாளரின் பணியும் கடமையும்
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பக்கவாதம் கண்ட ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும் உற்றார் அனைவரும் வந்து நலம் விசாரிப்பர். இரண்டு வாரம் கழிந்தால் அவரும் கட்டிலுமே எஞ்சுவர். உயிரைக் காத்தவர் மருத்துவர். தளர்ந்த கையையும் காலையும் மீண்டும் இயங்கச் செய்வது யாருடைய பொறுப்பு என்பதைப் பற்றியே இன்று சில செய்திகளை உங்கள் முன் வைக்க விழைகின்றோம்.

நோயாளியைச் சோதித்து, எந்தத் தசை தளர்ந்துள்ளது, எந்த மூட்டு இறுகியுள்ளது என்று கண்டறிந்து பயிற்சியை வகுப்பவர் இயன்முறை மருத்துவர். பிசியோதெரபிஸ்ட் என்று நாம் அழைப்பவர். அவர் வகுத்ததை நாள்தோறும் உடனிருந்து செய்விப்பவர் உதவியாளர். அமெரிக்காவில் அந்நாட்டு இயன்முறை மருத்துவர் சங்கம் 1967ஆம் ஆண்டு இப்பணியை ஏற்றது. 1969இல் முதல் அணி படித்து வெளிவந்தது. அங்கே இதற்கு ஈராண்டுப் படிப்பும் தேர்வும் உரிமமும் உண்டு. நம் நாட்டில் அத்தகைய தனிப்பிரிவாக இது இன்னும் வேரூன்றவில்லை.

ஆயினும் இப்பணி நமக்குப் புதிதன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் இறுதியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினார். வேறு வேலை செய்துவந்த தசைநாணை விரலில் இணைத்துவிட்டால் மட்டும் விரல் நிமிர்ந்துவிடாது. கட்டுப் பிரித்தபின் அத்தசைக்குப் புதிய வேலையைக் கற்பிக்க வேண்டும். அறுவை ஒரே நாளில் முடிந்தது. கற்பிக்கும் வேலையோ வாரக்கணக்கில் நீண்டது. அதற்கெனவே பிசியோதெரபி டெக்னீசியன்கள் பயிற்றுவிக்கப்பட்டனர். அவர்களுடைய பொறுமை இல்லையேல் அந்த அறுவைகள் வீணாகியிருக்கும் என்பதே எமது கருத்து.

இனி, உதவியாளரின் கடமைகளைச் சற்று விரிவாகக் காண்போம். பயிற்சியைத் தொடங்குமுன் தலைச்சுற்றல் உண்டா, உறக்கம் எப்படி என்று கேட்டு, நாடியையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்தல் வேண்டும். தளர்ந்த கையைப் பிடித்திழுத்து எவரையும் எழுப்பலாகாது. தோள்மூட்டைத் தாங்கி நிற்பவை தசைகளே. அவை தளர்ந்திருக்கையில் இழுத்தால் மூட்டு இறங்கி, அந்த வலியாலேயே பயிற்சி நின்றுபோகும். நம் வீடுகளில் மிகுதியாக நடக்கும் தவறு இதுவே. நடக்க வைக்கும்போது உதவியாளர் நிற்க வேண்டியது தளர்ந்த பக்கம். ஊன்றுகோல் இருக்க வேண்டியது நல்ல கையில். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தளர்ந்த கால் முதலில். தாமே புரள இயலாதவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைத்து, குதிகாலும் இடுப்பின் பின்புறமும் சிவந்துள்ளனவா என்று நோக்குதல் வேண்டும்.

ஒத்தடம் நம்மூரில் எல்லோரும் அறிந்த வைத்தியம். ஆனால் சர்க்கரை நோயால் உணர்ச்சி குன்றிய காலுக்குச் சூடு தெரியாது. தோல் வெந்தபின்தான் தெரியும். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் எண்ணெயிட்டுத் தேய்க்கக் கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்கக்கூடும். உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ தோன்றினால் பயிற்சியை அக்கணமே நிறுத்த வேண்டும்.

நோயைக் கணிப்பதும் பயிற்சியை மாற்றுவதும் உதவியாளரின் உரிமையல்ல. இன்று எத்தனை முறை செய்தார், எங்கே வலித்தது என்பதை எழுதிவைத்து இயன்முறை மருத்துவரிடம் காட்டுவதே அவர் வேலை. மற்றொன்றும் உண்டு. சட்டைப் பொத்தானைப் போட நோயாளிக்குக் கால்மணி நேரம் ஆனாலும் அவரையே போடவிட வேண்டும். பாசத்தால் நாமே போட்டு, நாமே ஊட்டிவிடுகின்றோம். அக்கை அப்படியே மறந்துபோகிறது.

தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றுக்கான மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வர வழி செய்யப்பட்டது. எனினும் ஒன்றியம் முழுவதும் சுற்றிவரும் ஒருவர் ஒரே வீட்டிற்கு நாள்தோறும் வர இயலாது. படுக்கையில் இருப்பவரைத் தினமும் மல்லாங்கிணற்றிலிருந்து பேருந்தில் ஏற்றி விருதுநகருக்கோ அருப்புக்கோட்டைக்கோ கொண்டுசெல்வதும் ஆகாத காரியம். அவர் வந்து சென்ற நாளுக்கும் மறுபடி வரும் நாளுக்கும் இடையே யார் செய்விப்பது என்பதே நம்முன் உள்ள கேள்வி. பக்கவாதத்தில் முதல் சில மாதங்களே மீட்சி மிகுந்த காலம்; அதைக் கட்டிலில் கழித்துவிட்டால் மூட்டுகள் இறுகிவிடும். பெண்களின் நிலை இன்னும் கடினம். அந்நிய ஆடவர் தொட்டுப் பயிற்சி தருவதற்குக் கூசி, எத்தனையோ தாய்மார்கள் சிகிச்சையே வேண்டாம் என்று இருந்துவிடுகின்றனர்.

ஆகவே, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நம் பிள்ளைகளுள், குறிப்பாகப் பெண்பிள்ளைகளுள், விருப்பமுள்ளோர் இயன்முறை மருத்துவப் பட்டப்படிப்பை எண்ணிப் பார்க்கட்டும். அதற்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை, வீட்டில் படுக்கையில் இருப்போரைக் கவனிப்பவர்கள், இயன்முறை மருத்துவர் வரும் நாளில் வேறு வேலையாகச் சென்றுவிடாமல் அருகிலிருந்து, அவர் கைவைக்கும் முறையைப் பார்த்து, அவர் முன்னிலையிலேயே ஒருமுறை செய்துகாட்டிக் கற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கின்றோம். படுக்கையில் இருப்போர் உள்ள வீட்டார் இக்கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் பெயரைப் பதிந்து செல்லவும். தாய்மார்கள் பெயரைத் தனித்தாளில் எழுதித் தரலாம்.