நிலவை வைத்து அளந்த பேரண்டம்



பிறை பார்க்க மாடி ஏறுகிறோம். அதே நிலவை வைத்துப் பேரண்டத்தைச் சோதித்தவர்கள் நம் உதகையில் இருந்தார்கள்.

பேரண்டம் என்றும் ஒரே மாதிரி இருக்கிறது என்றது ஒரு கொள்கை. நெருங்கிக் கிடந்தது, விரிந்து மாறி வருகிறது என்றது பெருவெடிப்புக் கொள்கை. எது சரி? ரேடியோ அலை வீசும் தொலைதூர விண்மீன் மண்டலங்களிடம் கேட்கலாம். அந்த அலைகள் நம்மை வந்தடையப் பல நூறு கோடி ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே நாம் பெறுவது பழைய செய்தி.

1970-இல் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 530 மீட்டர் நீளத் தொலைநோக்கி அங்கே எழுந்தது. சுமார் 11 பாகை சரிந்த மலைச்சரிவைத் தேடிப்பிடித்தார்கள். அந்த இடத்தின் அட்சரேகையும் அதுவே. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானப் பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். என்ன யோசனை பாருங்கள்!

நிலவு ஒரு மண்டலத்தை மறைக்கும்போது அலை எப்படிக் குறைகிறது என்று பதிந்து, அதன் அளவைக் கணித்தார்கள். இப்படி நூற்றுக்கணக்கானவை. எட்டத்தில் இருப்பது சிறிதாகத்தானே தெரியும் என்பீர்கள். உண்மைதான், ஆனால் மாறாத பேரண்டத்தில் இருக்க வேண்டியதைவிடவும் அவை சிறியவை. 1975-இல் ஸ்வரூப்பும் கபாஹியும் இதை வெளியிட்டார்கள். முற்காலத்து மண்டலங்கள் இன்றுள்ளவை போல இல்லை. பெருவெடிப்புக் கொள்கைக்கு அது வலுச்சேர்த்தது.

அடுத்த முறை உதகை போனால் பூங்காவோடு திரும்பிவிடாதீர்கள். முத்தோரைப் பக்கமும் பிள்ளைகளை அழைத்துப் போங்கள்.