விரல் நுனியில் தொடங்கும் தொண்டு
(நம் பங்கின் பாடகர் குழுவினருக்குப் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி ஆண்டில் நம் பிள்ளைகள் சிலர் கிதார் கற்க முன்வந்திருப்பது நமக்கு மகிழ்ச்சியே. "கோவிலில் கிதாரா?" என்று பெரியவர்கள் கேட்கலாம். 1818-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, ஆஸ்திரியாவின் ஓபர்ன்டோர்ஃப் ஊர்க் கோவிலில், ஜோசப் மோர் என்ற உதவிக் குரு கிதார் மீட்டத்தான் 'சைலன்ட் நைட்' கீதம் முதன்முதல் பாடப்பட்டது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும், குழாய் ஆர்கனுக்கு உயர்ந்த மதிப்பளித்தாலும், வழிபாட்டுக்குத் தகுந்த பிற கருவிகளைத் திருச்சபை அதிகாரிகளின் இசைவோடு ஏற்கலாம் என்றது.

கற்பது எப்படி? முதலில் ஈ மைனர் என்னும் கார்டைப் பிடிப்போம். மெல்லிய தந்தியை ஒன்று என எண்ணினால், நான்காம், ஐந்தாம் தந்திகளை இரண்டாம் கட்டத்தில் அழுத்தினால் போதும். மற்ற நான்கும் திறந்தே ஒலிக்கும். இதனால்தான் இதை ஓப்பன் கார்டு என்கிறோம். கட்டத்தின் நடுவில் அல்ல, உலோகக் கம்பியை ஒட்டி அழுத்துங்கள். குறைந்த பலத்தில் தெளிந்த நாதம் வரும். அடுத்து சி, ஏ மைனர். முன்னதிலிருந்து பின்னதற்கு மாற மோதிர விரல் ஒன்றே இடம் பெயர்கிறது; மற்ற இரண்டும் அசைவதில்லை. வேகம் வேண்டாம், மாற்றம் சுத்தமாக இருக்கட்டும்.

முதல் சில வாரங்கள் விரல் நுனி வலிக்கும். பலர் கிதாரை மூலையில் சாத்திவிடுவது அப்போதுதான். பாத்திரப் பட்டறைகளுக்குப் பெயர்பெற்ற அனுப்பர்பாளையத்தில் இதை விளக்கவும் வேண்டுமோ? சுத்தியல் பிடித்த கை காய்த்த பிறகல்லவா தொழில் படிகிறது! ஞாயிறு மட்டும் மூன்று மணி நேரம் பழகுவதைவிட, தினமும் கால் மணி நேரம் பழகுவதே மேல். பனியன் கம்பெனி ஷிப்டு முடிந்து வரும் பிள்ளைக்கு அந்தக் கால் மணி நேரத்தைப் பெற்றோரே, மனமுவந்து கொடுங்கள்.

ஒன்றை மறவாதிருப்போம். இறைமக்கள் அனைவரும் முழுமையாகப் பங்குபெற வேண்டும் என்பதே சங்கத்தின் விருப்பம். ஒலிபெருக்கியில் கிதார் முழங்க, கடைசி வரிசைப் பாட்டி வாய் மூடி நின்றால், நாம் வாசித்தது கச்சேரி, வழிபாடு அன்று. மூன்றே கார்டுகள் தெரிந்த பிள்ளை, அந்தப் பாட்டியின் குரலுக்குக் காது கொடுத்து மெல்ல மீட்டினால், அதுவே திருத்தொண்டு.

அத்தகைய தொண்டர்கள் நம் பங்கில் பெருக ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக!