எந்தச் சமூகத்தின் பங்கேற்பு?

(வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'உள்ளாட்சியைக் கண்காணிப்பதில் சமூகப் பங்கேற்பு' என்பது எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. நேற்று இரவு அம்மா போனில் என்ன பேசப்போகிறாய் என்று கேட்டார். சமூகப் பங்கேற்பு பற்றி என்றேன். "எந்தச் சமூகம்டி?" என்றார்.

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. எங்கள் பக்கம் 'நீங்க எந்தச் சமூகம்?' என்று ஒருவர் கேட்டால் சாதியைக் கேட்கிறார் என்று பொருள். 'ஊர்' என்ற சொல்லும் அப்படித்தான். 'ஊர்ல கூட்டம் போட்டிருக்காங்க' என்றால் அதில் சேரி கிடையாது. இந்த இரண்டு சொற்களையும் அரசாணைகளும் தொண்டு நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் எந்தக் கூச்சமும் இல்லாமல் பயன்படுத்துகின்றன. கிராம சபைகள் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவள் என்ற முறையில் நானும் பயன்படுத்தியிருக்கிறேன். என் ஆய்வின் முதல் அத்தியாயத்தில் 'கிராம சமூகம்' என்று எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது.

ஒரு நோட்டைப் பற்றிச் சொல்கிறேன். கிராம சபைக்கு வந்தவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டு. தமிழ்நாட்டில் ஊராட்சியின் மக்கள்தொகையைப் பொறுத்து இத்தனை பேர் வந்தால்தான் கிராம சபை செல்லும் என்று விதி இருக்கிறது. 500 பேர் வரை என்றால் 50 பேர், 3000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். எங்கள் ஊராட்சிக்கு 100 பேர் வேண்டும். கூட்டத்துக்கு வருவது முப்பது நாற்பது பேர். மீதியை எப்படி நிரப்புவார்கள்? நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரைக்கு நோட்டு வரும். பணித்தளப் பொறுப்பாளர் நீட்டுவார், பெண்கள் வரிசையாகக் கையெழுத்துப் போடுவார்கள், தெரியாதவர்கள் ரேகை வைப்பார்கள். ஒரு கிராம சபையைக்கூடக் கண்ணால் பார்க்காத என் அம்மா, பதிவேட்டின்படி பத்துப் பன்னிரண்டு கிராம சபைகளில் கலந்துகொண்டிருக்கிறார். அவற்றின் தீர்மானங்களையும் ஒருமனதாக நிறைவேற்றியிருக்கிறார்.

ஏன் அவர் நேரில் போகவில்லை? கூட்டம் நடக்கும் இடம்தான் காரணம். மத வளாகங்களில் கிராம சபை நடத்தக்கூடாது, குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சுற்றறிக்கை வருகிறது. எங்கள் ஊராட்சியில் அது மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்து அரசமரத்தடியில் நடக்கும். கேட்டால், கோயில் வேறு மரத்தடி வேறு என்பார்கள். மரத்தைச் சுற்றி மேடை இருக்கிறது. அந்த மேடையில் யார் உட்காரலாம், யார் கீழே நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. ஆனால் எங்கள் தெருவில் ஐந்து வயதுக் குழந்தைக்கும் அது தெரியும். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண்ணே தரையில் உட்காரவைக்கப்பட்ட படம் வெளிவந்தது. தலைவருக்கே அதுதான் இடம் என்றால் கூலிக்காரப் பெண்ணுக்கு எந்த இடம்?

2022 அக்டோபர் 2 கிராம சபைக்கு நான் போனேன். எங்கள் சுடுகாட்டுப் பாதைக்கு மெட்டல் சாலை போட்டு முடித்ததாகக் கணக்கில் இருந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய நகல் கையில் இருந்தது. எழுந்து நின்று படித்தேன். ஒருவரும் பேசவில்லை. பிறகு ஊராட்சிச் செயலர், "இந்தாம்மா, நீ படிச்ச பொண்ணு, தனியா ஆபீசுக்கு வா, பேசிக்கலாம்" என்றார். நான் பெருமையோடு பஸ் ஏறிச் சென்னைக்கு வந்துவிட்டேன். அந்த அனுபவத்தை ஒரு கருத்தரங்கில் கட்டுரையாகவும் வாசித்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து வேலைப் பட்டியலில் அம்மாவின் பெயர் இல்லை. இரண்டு மாதம். அவர் எனக்குச் சொல்லவே இல்லை. பொங்கலுக்குப் போனபோது சித்திதான் சொன்னார். வேலை கேட்ட 15 நாட்களுக்குள் கொடுக்காவிட்டால் வேலையின்மைப் படி கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் வேலை கேட்டதற்குத் தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு இருந்தால்தானே அதை நிரூபிக்க முடியும்? வாய்வார்த்தையில்தான் வேலை கேட்கிறார்கள், வாய்வார்த்தையில்தான் மறுக்கிறார்கள். கேள்வி கேட்டவள் நான், கூலி இழந்தவர் அவர்.

தோழர்களே, மக்கள் கண்காணிப்பு என்று பேசும்போது நாம் பெரும்பாலும் ராஜஸ்தானிலிருந்து தொடங்குகிறோம். சரிதான். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் நடத்திய மக்கள் விசாரணையில் மஸ்டர் ரோலைப் பொதுவில் சத்தமாகப் படித்தார்கள். வேலையே செய்யாதவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது அம்பலமானது. தகவல் உரிமைச் சட்டத்துக்கும் சமூகத் தணிக்கைக்கும் வேர் அங்கே இருக்கிறது. 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, தணிக்கை செய்யும் பொறுப்பைக் கிராம சபைக்கே கொடுத்தது. 2011 விதிகள், தணிக்கை செய்ய வருகிறவர் அதே ஊராட்சியைச் சேர்ந்தவராக இருக்கக்கூடாது என்றன. நல்ல விதி. ஆனால் வெளியூரிலிருந்து வருகிறவருக்கும் பசிக்கும் இல்லையா? என் களப்பணியில் நான் பார்த்த ஒரு தணிக்கையில், குழுவினருக்கு மதியச் சாப்பாடு ஊர்த் தெருவில். சேரியில் இருபது நிமிடம். எங்கே சாப்பிட்டார்கள் என்று தெரிந்தால் போதும், அறிக்கை எப்படி வரும் என்று சொல்லிவிடலாம். (ஆய்வேட்டில் இப்படி எழுத விடமாட்டார்கள்.)

கண்காணிப்பதற்கே இந்த நிலை என்றால், கொள்கையை வகுக்கும்போது நம்மிடம் யார் கேட்கிறார்கள்? 2021-22 நிதியாண்டில் நூறு நாள் கூலியைப் பட்டியல் சாதி, பழங்குடி, பிறர் என்று மூன்றாகப் பிரித்து அனுப்பச் சொன்னது ஒன்றிய அரசு. ஒரே ஏரியில், ஒரே வரிசையில் மண் வெட்டியவர்களுக்கு வெவ்வேறு நாளில் பணம் வந்தது. "உங்களுக்கு மட்டும் எப்படிடி வந்துச்சு?" என்று பக்கத்தில் நின்றவர் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். அதுவரை தண்ணீர்க் குடத்தில் மட்டும் இருந்த பிரிவினை வங்கிக் கணக்குக்கும் வந்தது. எதிர்ப்புக் கிளம்பி, சில மாதங்களில் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஏரிக்கரையில் நிற்கும் எந்தப் பெண்ணிடம் முதலிலேயே கேட்டிருந்தாலும் வேண்டாம் என்று சொல்லியிருப்பார்.

அப்படியானால் கிராம சபையே வேண்டாமா? பாபாசாகேப் 1932இல் பம்பாய் சட்டமன்றத்தில் கிராமப் பஞ்சாயத்து மசோதாவை விமர்சித்தார். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், இந்தியக் கிராமத்தைப் புனிதமாகப் பார்ப்பவர்களுக்குக் கடுமையாகப் பதில் சொன்னார். அவர் சொன்னதை வைத்துக்கொண்டு உள்ளாட்சியைக் கைகழுவும் தோழர்களை எனக்குத் தெரியும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாம் விட்டுவிட்டால் யாருக்கு வசதி? பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய தனி ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை பத்தாண்டுகள் தேர்தலை நடக்கவிடாமல் வைத்திருந்தார்கள். 1997இல் மேலவளவு முருகேசனைக் கொன்றார்கள். ஒன்றுமில்லாத நாற்காலிக்காக யாரும் இவ்வளவு செய்யமாட்டார்கள்.

வழியை நான் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் தெருப் பெண்கள் கண்டுபிடித்தார்கள். அந்தப் பொங்கலுக்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை இருபத்தேழு பேர் சேர்ந்து ஊராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள். வேலை கேட்டு ஆளுக்கொரு மனு, ஆளுக்கொரு ஒப்புகைச் சீட்டு. சீட்டு எழுதி முடிக்கச் செயலருக்கு மதியம் ஆகிவிட்டது. யார் தலைமை என்று கேட்டிருக்கிறார். சித்தி, "எல்லாருந்தான்" என்றாராம். பட்டியலிலிருந்து இருபத்தேழு பேரையும் ஒரே நேரத்தில் நீக்க முடியாது, ஏரி வேலை நின்றுவிடும்.

மார்ச் 22 கிராம சபையை ஒட்டி வழக்கம்போல் ஏரிக்கரைக்கு நோட்டு வந்தது. அம்மா வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தீர்மானம் எழுதாம இருக்கே, எழுதிட்டு வாங்க, படிச்சிட்டுப் போடுறோம்" என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்தவரும் போடவில்லை. அன்று 100 கையெழுத்துச் சேரவில்லை. தணிக்கை விதிகளையும் பங்கேற்புக் கோட்பாடுகளையும் நான்காண்டுகள் படித்த எனக்கு அது தோன்றவே இல்லை. அவர்களுக்கு நம் குரல் வேண்டாம், கையெழுத்து வேண்டும். அது இல்லாமல் அவர்களால் ஒரு தீர்மானத்தைக்கூட மேலே அனுப்ப முடியாது.

ஒத்திவைத்த கூட்டம் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. எனக்குத் தெரிந்து, எங்கள் பகுதிக்குள் நடந்த முதல் கிராம சபை அதுதான். வரவு செலவு முழுவதையும் வாசிக்கச் சொன்னார்கள். வேகமாகப் படித்தபோது நிறுத்தி மறுபடி படிக்கவைத்தார்கள். ஊர்க்காரர்களில் மிகச் சிலரே வந்தார்கள், வந்தவர்களும் வாசலிலேயே நின்றார்கள். பெஞ்சு காலியாகத்தான் இருந்தது.

சுடுகாட்டுப் பாதைக்குப் பாதி தூரம் ஜல்லி வந்துவிட்டது. மீதிப் பாதை பட்டா நிலத்தை ஒட்டிப் போகிறது. அளந்து கல் நட சர்வேயர் வர வேண்டும். மூன்று முறை தேதி கொடுத்தார்கள், மூன்று முறையும் வரவில்லை. போன மழைக்காலத்தில் ஒரு தாத்தாவின் உடலைச் சேற்றில்தான் தூக்கிப் போனோம்.

நேற்று போனை வைக்கும் முன் அம்மா கேட்டார், "சர்வேயர் வரலைன்னா யாருக்கு மனு எழுதணும்னு பார்த்துச் சொல்லு. நீ வராதே, நாங்களே போய்க் குடுத்துக்கிறோம்." தாசில்தாருக்கு என்று சொல்லியிருக்கிறேன்.